நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்

ஐயா,

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. அலுவலகப் பேனாக்கள் பெரும்பாலும் மூன்றாவது வரியிலேயே மக்கர் செய்யும். இது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. தாளின் இடப்பக்கம் இரண்டு விரற்கடை ஓரம் விட்டிருக்கிறேன். பின்னால் துளை போட்டுக் கோப்பில் சேர்க்கும்போது எழுத்து அடிபடக் கூடாது அல்லவா. எங்கள் சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓரம் விடாமல் கடிதம் எழுதியவனுக்கு இரண்டு மதிப்பெண் குறையும். எனக்கு ஒருமுறையும் குறைந்ததில்லை.

பூட்டுக்காரர் விஷயத்தை நடந்தது நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். எழுதிவிடுகிறேன். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது புரிய வேண்டுமானால் அதற்கு முந்தையது புரிய வேண்டும். வாலைப் பிடித்து மாட்டை அளக்க முடியாது.

நான் இருபத்திரண்டு வருடம் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருந்தவன். தண்ணீர் வரவில்லை, வந்தால் நாறுகிறது, நாறாவிட்டால் துரு நிறம் என்று நாளுக்கு நாற்பது கடிதம் வரும். குழாயைச் சரிசெய்ய வேறு பிரிவு. பதில் எழுத நான். அங்கே நான் கண்டுகொண்டது ஒன்றுதான். நல்ல பதிலாக ஒன்று எழுதிவிட்டால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். மீதிப் பாதி இரண்டாவது பதிலில் தீரும். தண்ணீர் வந்ததா என்பது தனிக் கதை. “தங்கள் சிரமத்தை எங்கள் சிரமமாகவே கருதுகிறோம்” என்று தொடங்கினால் எப்பேர்ப்பட்ட சண்டைக்காரரும் ஒரு படி இறங்கி வருவார். மூன்று மாதம் சொட்டுத் தண்ணீர் பார்க்காத ஒருவர் என் கடிதங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பதாக எழுதினார்.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்தேன். பத்தே நாளில் என் மனைவி சொல்லிவிட்டாள்: “காப்பியில சக்கரை கம்மின்னு சொல்றதைக் கூட மூணு பத்தியா சொல்றீங்க. எங்கயாவது வேலைக்குப் போய்ச் சேருங்க, புண்ணியமாப் போகும்.” அப்படித்தான் டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தேன்.

சிகிச்சையகம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில். மூன்று அறை. முதல் அறையில் நானும் என் மேசையும். நடு அறையில் ஆறு நாற்காலி. உள் அறையில் இரண்டு கட்டில், ஆளுக்கு ஆள் மாற்றும் காகித விரிப்பு, ஊசித் தட்டு, பயன்படுத்திய ஊசியைப் போட மஞ்சள் டப்பா. டாக்டரம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஊசி போனதே தெரியாத கை. எனக்கு மகள் வயது. ஆனாலும் நான் உள்ளே போனால் எழுந்து நிற்பார்.

அக்குபங்சர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெல்லிய ஊசியைக் குத்தி அரை மணி நேரம் விட்டுவைத்து எடுத்துவிடுவார்கள். டாக்டரம்மா செய்வது அதிலிருந்து கிளைத்த ஒன்று. அதே இடங்களில், துளையுள்ள ஊசி வழியாக, ஓர் அரிசி நீளத்துக்குக் கரையும் நூலை வைத்துவிட்டு ஊசியை உருவிவிடுவார். நூல் உள்ளே தங்கி வாரக்கணக்கில் மெல்லக் கரையும். அதுவரை ஊசி குத்தியபடியே இருக்கும் பலன் என்பது எண்ணம். “ஊசி இடம் கொடுத்தாத்தானே நூல் நுழையும்” என்று நான் சொல்வேன். காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். டாக்டரம்மா முதல் தடவை மட்டும் சிரித்தார்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வின் வேலை இல்லை. கெடுதல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. முந்நூறு பேருக்கு நூல் வைத்து, ஒவ்வொருவரையும் நூற்று அறுபத்தெட்டு மணி நேரம், அதாவது ஏழு முழு நாள், தொடர்ந்து விசாரித்து, என்னென்ன பக்க விளைவு வந்தது என்று பதிய வேண்டும். பதிபவன் நான். தினம் ஒரு போன். தேவைப்பட்டால் நேரில் போவேன். பயந்தவர்களுக்குக் கடிதம் எழுதித் தருவேன். அதனால் எனக்கு ‘ஏழுநாள் சார்’ என்று பெயர் வந்தது. “பொண்ணு பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூட இப்படி விசாரிக்கல சார்” என்று ஒரு தபால்காரம்மா சொன்னார்.

பதிவேட்டில் ஒவ்வோர் ஆளுக்கும் எதிரே மூன்று கட்டம். லேசானது, நடுத்தரமானது, கடுமையானது. எது கடுமையானது என்று விதிப் புத்தகம் தெளிவாகச் சொல்கிறது: சிகிச்சை முடிந்த நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், அல்லது இறந்தால். அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு குறி விழுந்தாலும் வேலையை அன்றே நிறுத்திவிட்டு, எல்லாத் தாளையும் ஆய்வைக் கண்காணிக்கும் வெளிக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

இதை நீங்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு எவ்வளவு வலித்தது, எவ்வளவு வீங்கியது என்பதைப் பற்றி அந்த வரியில் ஒன்றுமே இல்லை. அவர் எங்கே போனார் என்பதுதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கடுமை. வீட்டில் இருந்தால் கடுமை இல்லை. விதியை எழுதியவர்கள் படித்தவர்கள். அவர்கள் எழுதியதை நான் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன்.

முதல் நூறு பேர் வரை அந்த மூன்றாம் கட்டம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பவனைப் பார்த்திருப்பீர்கள். சுவர் பக்கம் கூடச் சாய மாட்டான். எனக்கும் அப்படி ஒரு கவனம் வந்துவிட்டது.

நான் பொய் எழுதுகிறவன் இல்லை. கேட்கும் விதத்தில் கேட்பேன், அவ்வளவுதான். நாற்பத்தொன்றாம் எண், ஒரு கண்டக்டர். “உள்ளங்கை அளவுக்குக் கன்னிப்போச்சு சார்” என்றார். யார் உள்ளங்கை என்று கேட்டேன். அவர் யோசித்தார். குழந்தை உள்ளங்கையும் உள்ளங்கைதானே என்றேன். கடைசியில் நாணய அளவில் வந்து நின்றோம். இன்னொருவர் தலை சுற்றி விழப் பார்த்தேன் என்றார். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டேன், இல்லை. அப்படியானால் அது பசி. பசிக்கு எங்களிடம் கட்டம் இல்லை.

நூற்றுத் தொண்ணூற்றேழாம் எண், ஒரு முடிதிருத்துபவர். கணுக்கால் பூசணி போல வீங்கிவிட்டது என்று கலங்கிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். நான் போய் உட்கார்ந்து பேசினேன். உடம்பு நூலைக் கரைக்க ரத்தத்தை அங்கே அனுப்புகிறது, வேலை நடக்கும் இடத்தில் கூட்டம் இருக்கத்தானே செய்யும் என்று சொன்னேன். அப்படியே எழுதியும் கொடுத்தேன். நான்காம் நாள் வீக்கம் வடிந்துவிட்டது. அவர் எனக்கு இலவசமாக முடி வெட்டிவிட்டார். அதற்குப் பிறகு இதே போல இன்னும் இரண்டு பேரை ஆஸ்பத்திரியிலிருந்து காப்பாற்றினேன். ஆக மூன்று பேர். அவர்கள் உயிரோடு, நலமாக இருக்கிறார்கள், நீங்கள் விசாரிக்கலாம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் முறை சரியான முறை என்று நம்ப எனக்குக் காரணம் இருந்தது.

இனி நூல் விஷயம். ஒரு பொட்டலம் பிரித்தால் ஓர் ஆளுக்குப் போக நூல் மிஞ்சும். மிஞ்சியதை மஞ்சள் டப்பாவில் போட வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. நூலை வெட்டித் தட்டில் அடுக்கிக் கொடுப்பதும் என் பொறுப்புதான். எனக்கு எதையும் வீணாக்கிப் பழக்கமில்லை. மிஞ்சிய துண்டுகளை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி வைத்திருந்தேன். இருநூற்று எண்பதை நெருங்கும்போது புதுப் பெட்டி வரத் தாமதமாகிவிட்டது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் பதிவேட்டில் தேதி தள்ளிப்போகும். தேதி தள்ளிப்போன பதிவேடு பல் போன வாய் மாதிரி. ஸ்பிரிட் கொஞ்சம் ஆவியாகியிருந்தது. கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு நிரப்பி, அந்தத் துண்டுகளையே தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, அவர் மாநாட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்.

பூட்டுக்காரர் இருநூற்று எண்பத்து நான்காம் எண். ஐம்பத்தாறு வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. பூட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தே முழங்கால் போய்விட்டது. “ஊர்ல இருக்கற எல்லாப் பூட்டும் திறக்குது சார், இந்த முட்டி மட்டும் எனக்குத் திறக்க மாட்டேங்குது” என்று சொல்லிக்கொண்டுதான் மாடிப்படி ஏறி வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு முதல் ஊசி. பதினொன்று இருபதுக்குக் கடைசி ஊசி வெளியே வந்தது. அன்று மாலையே டாக்டரம்மா விமானம் ஏறினார். “எதுவானாலும் எந்நேரமும் கூப்பிடுங்க சார். ராத்திரி பகல்னு பார்க்காதீங்க” என்றார்.

புதன்கிழமை போன் செய்தேன். முழங்கால் வெதுவெதுப்பாக இருக்கிறது, மற்றபடி ராஜா மாதிரி இருக்கிறேன் என்றார். லேசானது என்று எழுதினேன்.

வியாழக்கிழமை அவர் மனைவி எடுத்தார். “அண்ணே, முட்டி செவப்பா இருக்கு. தொட்டா சுடுது. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போறீங்களா?” போனேன். இரண்டாம் மாடியில் சின்ன வீடு. வாசல் கதவில் நான்கு பூட்டு, நான்கும் வேறு வேறு மாதிரி. எதற்கு என்று கேட்டேன். “டாக்டர் வீட்டுல மருந்து வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி” என்றார் பூட்டுக்காரர். நன்றாகச் சிரித்தோம். சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு வரைந்தேன். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை. டாக்டரம்மா செய்து பார்த்திருக்கிறேன். சிவப்பு கோட்டைத் தாண்டினால் ஆஸ்பத்திரி என்பது அதன் கணக்கு. அதை அவர் மனைவியிடமும் சொன்னேன். அது ஒரு தவறுதான். அன்று முழுவதும் அந்த அம்மா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போகும்போது சிவப்பு கோட்டை மூன்று விரல் தாண்டியிருந்தது. அந்த அம்மா அடுக்களையில் இருந்தார். நான் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, வெளியே புதுக் கோடு வரைந்தேன். பூட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “எல்லைத் தகராறா சார்?” என்றார். “கொஞ்சம் தாராளமா வரைஞ்சுக்குவோம்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா வந்து பார்த்து, “அப்பாடா, உள்ளதான் இருக்கு” என்றார். அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி தெரியுமா. ஒரு கோட்டால் ஒருவருக்கு அவ்வளவு நிம்மதி தர முடிகிறதென்றால் அதைத் தராமல் இருப்பது கஞ்சத்தனம்.

அன்று மாலை நான் டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். கூப்பிடவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அவருக்கு மறந்திருக்கும். கேட்க வேண்டிய ஒரு சந்தேகம் இருந்தது. நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்தை முதல் ஊசியிலிருந்து எண்ணுவதா, கடைசி ஊசியிலிருந்தா என்று.

“கடைசி ஊசி வெளிய வந்த நேரம்தான் சார். ஏன், யாருக்காவது ஏதாவது?”

“இல்லம்மா. படிவத்துல ஒரு தெளிவுக்குத்தான்.”

“நீங்க இருக்கறதாலதான் சார் நான் இங்க நிம்மதியா உக்காந்திருக்கேன்.”

சந்தோஷமாக இருந்தது. ஆனால் இருபது நிமிடம் கூடிவிட்டது. செவ்வாய் பதினோரு மணி என்று நான் மனதில் வைத்திருந்தேன். அது இப்போது பதினொன்று இருபது. எந்த வேலையிலும் கடைசி இருபது நிமிடம்தான் கஷ்டம்.

சனிக்கிழமை காய்ச்சல். உடல் நடுக்கம். நான் கடிதம் எழுதித் தந்தேன். “தங்கள் சிரமத்தை எங்கள் சிரமமாகவே கருதுகிறோம். நூலை உடல் ஏற்றுக்கொண்டு கரைக்கத் தொடங்கியிருப்பதன் அறிகுறியே இச்சூடு. இது ஐந்தாம் நாள் உச்சமடைந்து எட்டாம் நாள் தணியும். இடையில் நூலைத் தொந்தரவு செய்யலாகாது.” கீழே ‘டாக்டருக்காக’ என்று எழுதி நான் கையெழுத்திட்டேன். அவர் கையெழுத்தை நான் போடவில்லை. என் கையெழுத்தைத்தான் போட்டேன். இந்த வித்தியாசத்தை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா கடிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சிக்கல். அந்த அம்மாவின் தம்பி வந்துவிட்டார். டாக்சி ஓட்டுபவர், இப்போது உங்களிடம் புகார் கொடுத்திருப்பவரும் அவர்தான். நல்ல மனிதர், முன்கோபி. நான் உள்ளே நுழையும்போதே சண்டைக்கு நின்றார்.

“யாரு, நீங்கதான் ஏழுநாளா? மாமா உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. காகிதத்தை ஒட்டி வச்சிட்டுப் போயிருக்கீங்க. வண்டி கீழ நிக்குது. தூக்கிட்டுப் போறேன்.”

“தாராளமா கொண்டு போங்க தம்பி. நான் தடுக்கவே மாட்டேன்” என்றேன். “ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஆஸ்பத்திரியில இந்த வைத்தியம் தெரியாது. முட்டியைக் கிழிச்சு நூலைத் தோண்டி எடுப்பாங்க. அப்புறம் அந்தக் கால் மடங்காது. பரவாயில்லைன்னா இப்பவே தூக்குங்க, நானும் ஒரு கை பிடிக்கிறேன்.”

இது உண்மையா என்று கேட்பீர்கள். உண்மை இல்லை. ஆனால் நான் கட்டாயப்படுத்தவில்லை. முடிவை அவர்களிடமே விட்டேன்.

பூட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே பேசினார். “மடங்காத காலை வச்சுக்கிட்டு எந்தப் பூட்டு முன்னாடிடா நான் உக்காருவேன். விடு மாப்ள. சார் தினம் வந்து பாக்கறாரு. சொந்தக்காரன் நீ ஆறு மாசத்துக்கு ஒருக்கா வர்ற.”

“உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சு மாமா” என்றார் தம்பி. அக்காவைப் பார்த்தார். அக்கா கடிதத்தைப் பார்த்தார். “எட்டாம் நாள் சரியாயிடும்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்கடா. இன்னும் ரெண்டு நாள்தான்.” தம்பி படிக்கட்டில் திம் திம் என்று இறங்கிப் போனார். கீழே வண்டிக் கதவை அறைந்து சாத்திய சத்தம் மாடிக்குக் கேட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் அந்த அம்மா போனில் அழுதார். “அண்ணே, என்னைப் பாத்து நீ யாருங்கறாரு.” உடனே போனேன். காய்ச்சலில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, நெற்றியில் ஈரத்துணி போட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கை காற்றில் ஏதோ சாவியைத் திருகிக்கொண்டிருந்தது. சிவப்பு தொடையில் பாதி வரை வந்திருந்தது. சில இடத்தில் சிவப்பு கறுப்பாகியிருந்தது. கோடு வரைய இனி இடம் இல்லை. சிகிச்சையகத்துக்குத் திரும்பி லேசானது என்பதை அடித்துவிட்டு நடுத்தரமானது என்று எழுதினேன். இதைக் கவனியுங்கள். குறைத்தே எழுத வேண்டும் என்று எனக்கு எண்ணம் இருந்திருந்தால் அப்படித் திருத்தியிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கே அங்கே போய்விட்டேன். வழியில் ஒரு ரொட்டியும் டீயும் சாப்பிட்டேன். நீண்ட காத்திருப்பு என்று தெரியும். மூச்சு சின்னச் சின்னதாக, வேகமாக வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா இனித் தாங்காது, பக்கத்து வீட்டில் சொல்லி ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறேன் என்று எழுந்தார். நான், “உக்காரும்மா, நானே கூப்பிடறேன். எங்க கூப்பிடணும், என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்” என்றேன். அந்த வீட்டில் இருந்த ஒரே போனைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அப்போது மணி பத்து நாற்பது.

பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எதிர் மாடியில் ஒருவர் நாற்காலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று கால் முடித்து நான்காவதுக்கு வந்துவிட்டார். இரண்டு முறை அந்த அம்மா வந்து எட்டிப் பார்த்தார். “லைன் கிடைக்கல, முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கேன்” என்றேன். மூன்றாவது முறை வந்து, “அண்ணே, நான் கீழ ஓடி ரோட்டுல ஏதாவது வண்டியை மறிக்கட்டுமா?” என்று கேட்டார். அவர் எங்கேயும் போக வேண்டாம், கணவரைத் தனியாக விடக் கூடாது என்றேன். அது நியாயமான யோசனைதான். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் உள்ளே போய்க் கணவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினொன்று இருபத்தொன்றுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் கூடுதலாக விட்டது என் கைக்கடிகாரம் முந்தி ஓடுமோ என்ற சந்தேகத்தில். லைன் உடனே கிடைத்தது. விலாசம், மாடி எண், எந்தப் பக்கப் படிக்கட்டு, நோயாளியின் வயது, சர்க்கரை இருப்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண், “இவ்வளவு தெளிவா யாரும் சொல்ல மாட்டாங்க சார்” என்றார். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். ஆம்புலன்ஸ் கதவு சாத்தும் முன் அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “நீங்க மட்டும் இல்லேன்னா அண்ணே” என்றார்.

பூட்டுக்காரர் புதன்கிழமை காலை இறந்தார். ரத்தம் முழுவதும் நஞ்சேறியிருந்தது, மூன்று நாள் முன்பு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியிருப்பதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. மூன்று நாள் முன்பு வந்திருந்தால் அவர் மூன்றாம் கட்டத்தில் வந்திருப்பார் என்பதும் அதே அளவு உண்மை. நோய் முற்றிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதினால் என்னை மன்னிப்பது உங்களுக்குச் சுலபம். ஆனால் கவனக்குறைவானவன் என்ற பெயரை நான் சம்மதித்து வாங்கிக்கொள்ள மாட்டேன். அவரை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் நான் வைத்திருந்தேன். நேரம் முடியும் வரை வைத்திருந்தேன். முடிந்ததும் அனுப்பினேன். இதில் டாக்டரம்மாவுக்குக் கடுகளவும் பங்கில்லை. புதன் மாலை ஊர் திரும்பியவரிடம், இருநூற்று எண்பத்து நான்கு முடிந்துவிட்டது, நடுத்தரம் என்று மட்டும் சொன்னேன். “பாவம், இப்ப எப்படி இருக்கார்?” என்று கேட்டார். இப்போது வலி இல்லை என்றேன்.

நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்கள்: “மனசு உறுத்தலையா சார்?” கேள்வி புரிகிறது. நான் அவரை ஏழு நாளும் விடாமல் விசாரித்தேன். அவர் மச்சான் ஒரு நாள் வந்தார். கணக்கெடுத்துப் பாருங்கள். முந்நூறு பேருக்கு நூல் வைத்து ஒருவருக்குக் கூடக் கடுமையான பக்க விளைவு இல்லை என்று ஒரு தாள் வெளியே போனால், முட்டி வலியோடு இருக்கும் எத்தனை ஆயிரம் பேர் பயமில்லாமல் கட்டிலில் ஏறிப் படுப்பார்கள். அவர்களுக்கு அந்த நிம்மதியை யார் தருவது.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி. டாக்டரம்மா திரும்பிய மறுநாள், போன வியாழக்கிழமை, ஏழு பேருக்கு நூல் வைத்தார். புதுப் பெட்டி வந்திருந்தது. ஆனால் அதில் ஆறு பேருக்குத்தான் இருந்தது. ஏழாவது ஆள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாம் எண், ஒரு நீச்சல் டீச்சர், முப்பத்து நான்கு வயது, தோள்பட்டை வலி. அவருக்கு என் குப்பியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கடைசி ஊசி வெளியே வந்தது மாலை மூன்று ஐம்பதுக்கு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். “அங்கிள், தோள்ல இஸ்திரிப் பெட்டியை வச்ச மாதிரி இருக்கு. ரெண்டு பசங்களையும் இடது கையாலயே குளிப்பாட்டறேன்” என்று சிரித்தார். திங்கட்கிழமை போய்க் கோடு வரைந்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை, உங்கள் ஆட்கள் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கடிதத்தையும் அவர் வீட்டில் கொடுத்தாகிவிட்டது. அப்போது நடுக்கம் தொடங்கியிருந்தது. எட்டாம் நாள் தணியும் என்று எழுதியிருக்கிறேன்; அவர் சொல்பேச்சுக் கேட்பவர்.

பதிவேடு உங்களிடம் இருக்கிறது. அதில் அவருக்கு எதிரே ‘ஒன்றுமில்லை’ என்று இருக்கும். அதனால்தான் நீங்கள் அவரைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

இன்று புதன்கிழமை. மத்தியானத்திலிருந்து இரண்டு முறை வந்து முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டீர்கள். வரைவுதான் முடிந்தது, திருத்தி நல்ல பிரதி எடுக்க வேண்டும் என்றேன். நீங்கள் பெருந்தன்மையாக நாளைக்குத் தரலாம் என்றீர்கள். நாளை மாலை நான்கு மணிக்கு, அடித்தல் திருத்தல் இல்லாமல், உங்கள் கையில் தருகிறேன். டீச்சரின் விலாசம், மாடி எண், எந்தப் பக்கம் படிக்கட்டு, எல்லாம் கடைசித் தாளின் பின்பக்கம் தெளிவாக எழுதியிருக்கும். ஆம்புலன்ஸை நீங்களே கூப்பிடலாம். அதற்குள் பத்து நிமிடம் கடந்திருக்கும் என்பதால், அவருக்கு இந்தச் சிகிச்சையால் எந்தக் கெடுதலும் வரவில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள.